கேஜ் 90 காட்டினால் எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: பழைய படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். படகின் உள்ளே பொருத்தப்பட்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர் வகை. எஞ்சின் குளிர்ந்திருந்தபோது ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கேஜ் வைத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) பார்த்தேன். முதல் சிலிண்டரிலிருந்து வரிசையாக 135, 125, 100, 90 பிஎஸ்ஐ. எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு ஸ்பேனரைக் கீழே வையுங்கள். 90 என்பது குறைவுதான். ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது அந்த எண் அல்ல, நீங்கள் சோதித்த அதே வரிசையில் அளவுகள் படிப்படியாக இறங்கியிருப்பது. ஒரு பிளக்கை மட்டும் கழற்றினால், மற்ற மூன்று சிலிண்டர்களின் அழுத்தத்தையும் எதிர்த்து ஸ்டார்ட்டர் மோட்டார் திணற வேண்டும். பேட்டரி தளரத் தளர சுழற்சி மந்தமாகும்; பிஸ்டன் மெதுவாக ஏறும்போது காற்று கசிய நேரம் கிடைக்கும்; கேஜ் குறைத்துக் காட்டும். பேட்டரியின் குற்றத்தை நான்காவது சிலிண்டர் சுமக்கிறதோ என்னவோ.

எனவே மறுபடி சோதியுங்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, குளிர்விக்கும் நீர் ஓடும்படி எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் போகும் வயரைக் கழற்றிவிடுங்கள், எரிபொருள் குழாயை மூடுங்கள். பிளக் துளைகள் வழியே பெட்ரோல் ஆவி வெளியேறும். படகின் அடிவயிற்றில் அது தேங்கினால் ஒரு பொறி போதும். காற்றோட்ட விசிறியை ஓடவிட்ட பிறகே ஸ்டார்ட்டரைத் தொடுங்கள்.

கார் மெக்கானிக்குகள் படகில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எக்ஸாஸ்ட்டில் நீரைக் கலந்து வெளியேற்றும் எஞ்சின்களில், அந்த நீரைத் தள்ளுவது புகையின் வேகம். எஞ்சின் எரியாமல் வெறுமனே சுழலும்போது பம்ப் நீரை ஏற்றிக்கொண்டே இருக்கும், தள்ள ஆள் இருக்காது. சைலன்சர் நிறைந்து நீர் சிலிண்டருக்குள்ளேயே திரும்பி வரக்கூடும். வெளிநீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டுச் சோதியுங்கள். பம்ப் உலர்ந்து ஓடும் என்பதால் ஒவ்வொரு முறையும் சில விநாடிகளே சுழற்றுங்கள். முடிந்ததும் வால்வைத் திறக்க மறக்காமலிருக்க, சாவியில் ஒரு சீட்டைக் கட்டிவிடுங்கள்.

கார்புரேட்டரில் காற்று வரும் வழியை அடைக்கும் தகடுகளான திராட்டிலும் சோக்கும் முழுதாகத் திறந்திருக்கட்டும். கையால் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் முனை கேஜை விட, மரையில் திருகும் கேஜே நம்பகமானது. இம்முறை நான்காவது சிலிண்டரில் தொடங்குங்கள். முள் ஏறுவது நிற்கும்வரை, அதாவது ஐந்தாறு அழுத்தங்கள் சுழற்றுங்கள். எல்லாவற்றுக்கும் அதே எண்ணிக்கை.

சரியான அளவுக்கு உங்கள் எஞ்சினின் கையேடுதான் தீர்ப்பு. பொதுவாக, மிகக் குறைந்த சிலிண்டர் மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கவலைப்படலாம். உங்கள் 135-க்கு அது சுமார் 101.

3, 4 மீண்டும் தாழ்ந்தே இருந்தால், பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் என்பதால் நடுவே ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களுக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கிறதோ என்று முதலில் சந்தேகிப்பேன். தாழ்ந்த சிலிண்டரின் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, சில சுற்று சுழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு நன்றாக உயர்ந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்கிறது. அசையாவிட்டால் எஞ்சின் வால்வு (சிலிண்டருக்குள் காற்றையும் வெளியே புகையையும் விடும் மூடி) அல்லது கேஸ்கட்.

வால்வு என்றால் முதலில் அதற்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. சரிசெய்யச் செலவும் இல்லை. நெடுநாள் கிடந்த எஞ்சினில் வால்வு துருவால் ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும், நீரால் குளிர்விக்கப்படும் குழாய்) சோதியுங்கள். அது உள்ளுக்குள் அரித்துக் கசிந்தால், நீங்கள் புதுப்பிக்கும் வால்வையும் அதே நீர் தின்றுவிடும்.

ஹெட்டைக் கழற்றுமுன் கசிவுச் சோதனை ஒன்று செய்யச் சொல்லுங்கள். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் நிற்க, உள்ளே காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்பார்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, எக்ஸாஸ்ட் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், பக்கத்துப் பிளக் துளையில் என்றால் கேஸ்கட்.