சிங்கத்தை விடுங்கள், கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள்: கேள்வி பதில்

பிள்ளைகளுக்கு உயிரினங்களின் தொடர்பைச் சொல்லித்தருவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் வாத்தியாராகக் காலம் தள்ளியவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒத்தக்கடை, ஏழு வயதுப் பையனின் அம்மா: சார், புல், மான், சிங்கம் என்று சார்ட் வரைந்து மனப்பாடம் செய்கிறான். புரிந்த மாதிரியே தெரியவில்லை. எங்கே ஆரம்பிக்கலாம்?

சிங்கத்தை விடுங்கம்மா, அதை அவன் எங்கே பார்த்தான்? கறிவேப்பிலைச் செடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இலை மேல் கருப்பும் வெள்ளையுமாகக் குருவி எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் ஈர்க்குச்சியால் லேசாகத் தொடச் சொல்லுங்கள். எச்சம் நகர்ந்தால் அது புழு, கறிவேப்பிலை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. வளர வளரப் பச்சையாகிவிடும், அப்போது சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும், கூடவே ஒரு வாடையும் வரும். எச்சம் மாதிரி இருந்தால் ஏமாறுவது யார் என்று அவனையே கேளுங்கள். குருவி என்று சொல்லிவிட்டான் என்றால் இலை, புழு, குருவி மூன்றையும் அவனே கோத்துவிட்டான், சார்ட் தேவையில்லை.

அண்ணாநகர்: அதே புழுவை பாட்டிலில் வளர்த்தோம். கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் பொடிப்பொடியாகக் குளவிகள் வந்தன. மகள் ஒரே அழுகை.

எனக்கும் இது வகுப்பிலேயே நடந்திருக்கிறது. நாற்பது பிள்ளைகள் சுற்றி நிற்க, கூட்டில் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள்ளிருந்து எறும்பைவிடச் சின்னதாக ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. பதற்றத்தில் “கெட்ட குளவி” என்று சொல்லித் தொலைத்தேன், அது என் தப்பு. கூடு இளசாக இருக்கும்போதே தாய்க்குளவி உள்ளே முட்டையிட்டிருக்கும், அதன் குஞ்சுகளுக்கு உள்ளே இருக்கிற கூட்டுப்புழுதான் சாப்பாடு. பின்வரிசைப் பெண் ஒருத்தி, “அப்ப அந்தக் குளவி வராமலே இருந்தா செடியில இலை மிஞ்சுமா சார்?” என்றாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மகள் அழட்டும், அழுது முடித்ததும் இதைக் கேளுங்கள்.

மேலூர், ஆசிரியை: ஒட்டுண்ணி, கூட்டுயிர் என்று எழுதிப் போட்டால் பிள்ளைகள் குழம்புகிறார்கள் சார்.

நமக்கே குழம்பும் டீச்சர். புல்லுருவியைக் காட்டுங்கள். மாமரத்திலோ வேப்பமரத்திலோ கிளை நடுவில் வேறு இலையோடு ஒரு கொத்து தெரியும். மரத்துக்குள் வேரை இறக்கித் தண்ணீரை உறிஞ்சும், ஆனால் இலை பச்சையாக இருப்பதால் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும், அதனால் அரை ஒட்டுண்ணி. அதன் பழத்தைத் தின்ன மலர்கொத்தி என்று கட்டைவிரல் பெரிசில் ஒரு குருவி வரும். விதை பசை மாதிரி ஒட்டும், எச்சத்தோடு வெளியே வந்தாலும் கீழே விழாமல் நூலாகத் தொங்கும், குருவி வேறு வழியில்லாமல் பின்பக்கத்தைக் கிளையில் தேய்க்கும். விதை அங்கேயே ஒட்டி முளைத்துவிடும். இந்த இடத்தில் வகுப்பே சிரிக்கும், சிரிக்க விடுங்கள்.

அப்புறம் கேளுங்கள், புல்லுருவி நல்லதா கெட்டதா? மரத்துக்கு நஷ்டம், அங்கே அது ஒட்டுண்ணி. குருவிக்குச் சாப்பாடு, புல்லுருவிக்கு விதை பரவுகிறது, இப்படி இரண்டு பேருக்கும் லாபம் என்றால் கூட்டுயிர். ஒட்டுண்ணி என்பது இரண்டு பேருக்கு நடுவில் உள்ள உறவின் பெயர், ஒரு செடியின் குணம் இல்லை. இது பிடிபட்டால் மற்ற சொற்கள் தானாக வரும்.

சமயநல்லூர், ஒரு தாத்தா: கண்மாயில் இவ்வளவு சீமைக்கருவேலத்தை யார் நட்டது என்று பேரன் கேட்கிறான்.

நட்டவர் ஒருபுறம் இருக்கட்டும் ஐயா, பரப்பியதில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பெரிய பங்கு. இனிப்பான நெற்றை ஆடு தின்னும், விதையில் ஒரு பங்கு செரிக்காமல் புழுக்கையோடு வந்து விழும். கோடையில் நெற்று தின்ற ஆட்டின் புழுக்கையை ஒரு தொட்டி மண்ணில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், முளைப்பதை அவனே பார்க்கட்டும். பார்த்ததும் பிடுங்கிவிடுங்கள், வீட்டில் வளர்க்க வேண்டாம்.

கல்லூரி மாணவர்: அரிட்டாபட்டிக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். என்ன விளையாட்டு வைக்கலாம்?

மதுரைப் பக்கத்தில் நல்ல இடம் தம்பி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், சுமார் 193 ஹெக்டேர். லகர் வல்லூறு என்கிற வேட்டைப் பறவை அங்கே உண்டு. ஆனால் பிள்ளைகள் வல்லூறு தெரியவில்லை என்று சலித்துக்கொள்வார்கள், அதையே பாடமாக்குங்கள். ஆயிரம் நெல் எண்ணிக் கொண்டுபோங்கள். அது புல். வெட்டுக்கிளியாக நிற்கிறவனுக்கு நூறு, ஓணானுக்குப் பத்து, வல்லூறுக்கு ஒன்று. சாப்பாட்டிலுள்ள சக்தியில் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும் என்பார்கள், லிண்ட்மேன் என்கிற சூழலியல் ஆய்வாளர் 1942இல் எழுதிய கட்டுரையை ஒட்டி வந்த கணக்கு இது, தோராயம்தான். ஒரே ஒரு நெல்லோடு நிற்கிற பையன் முகத்தைப் பாருங்கள், வல்லூறு ஏன் குறைவு என்று அவனுக்கு விளக்க வேண்டியிருக்காது.

மாட்டுத்தாவணி பக்கம், ஃப்ளாட்: எங்களுக்குச் செடியும் இல்லை மரமும் இல்லை சார். பால்கனியில் ஒரே ஒரு செம்பருத்தித் தொட்டி.

தாராளமாகப் போதும். தண்டில் வெள்ளையாக மாவுப்பூச்சி இருக்கும், அதைச் சுற்றி எறும்பு ஓடும். மாவுப்பூச்சி விடுகிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு காவல் நிற்கிறது, பொறிவண்டு வந்தால் விரட்டும். மருந்து அடிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்கட்டும்.