கேள்வி – பதில்: 36 நாற்காலியில் ஒரு நாடாளுமன்றம்

மலேசியாவின் பகாவ் வட்டாரத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு கட்டுக் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். பருவ விடுமுறையில் ஊருக்கு வரும்போது, சுற்றுத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இருக்கும் படிவம் 4, 5 பிள்ளைகளை வைத்து ஒரு நாள் மாதிரி நாடாளுமன்றம் நடத்தப் போகிறார்களாம். இந்த இதழின் பகுதி முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: எங்களிடம் 45 பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். மக்களவையிலோ 222 உறுப்பினர்கள். எப்படிச் சுருக்குவது? நாங்கள் ஆறு பேரும் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், சபாநாயகர் பொறுப்புகளை எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்: வேண்டாம். அண்ணன் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தால் படிவம் 4 பிள்ளை கடைசி வரை கைதட்டிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் இடம் சபாநாயகருக்கு முன்னால் இருக்கும் செயலாளர் மேசை. அங்கே இருவர் உட்காருங்கள். விதிப் புத்தகம் கையில் இருக்கட்டும். சபாநாயகர் தடுமாறினால் எந்த விதி என்று துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள், வாய் திறக்க வேண்டாம். ஆளுங்கட்சிக்கு ஒருவர், எதிர்க்கட்சிக்கு ஒருவர் என்று இருவர் பயிற்சி கொடுக்கட்டும். ஒருவர் கதவு, சாப்பாடு, வேன் ஏற்பாட்டைக் கவனிக்கட்டும். மீதி ஒருவர் எங்கு ஓட்டை விழுந்தாலும் அடைக்க.

இப்போது 45 பேர். உறுப்பினர்கள் 36, சபாநாயகர் 1, செங்கோல் தூக்கும் பெந்தாரா 1, மணியும் நேரமும் பார்ப்பவர் 1, பேச்சைப் பதிவு செய்யும் ஹன்சார்ட் குழு 4, நிருபர்கள் 2. உங்கள் மாநிலமான நெகிரி செம்பிலானின் சட்டமன்றத்திலும் 36 தொகுதிகள்தான். அந்தப் பொருத்தம் அடுத்த கேள்வியில் கைகொடுக்கும்.

அந்த 36-ஐ ஆளுங்கட்சி 19, எதிர்க்கட்சி 14, சுயேச்சை 3 என்று பிரியுங்கள். பத்தொன்பது என்பது நூலிழைப் பெரும்பான்மை. ஆளுங்கட்சியில் இருவர் கழிவறைக்குப் போயிருக்கும் நேரத்தில் வாக்கெடுப்பு வந்தால், மற்றவர்கள் எல்லாரும் எதிர்த்தாலே போதும், 17-க்கு 17 ஆகிவிடும். கட்சிக்காரர்களை வாக்கெடுப்புக்கு வரவழைக்கும் கொறடா என்ற ஆள் எதற்கு என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும். ஆளுங்கட்சிக்கு 28 பேரைக் கொடுத்துவிட்டால் முடிவு காலையிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அமைச்சர்களும் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். எல்லாருக்கும் பதவி கொடுத்தால் பின்வரிசையில் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

சபாநாயகரை உறுப்பினர் அல்லாதவர்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம், நம் அரசியலமைப்பின் 57-ஆவது விதி அதற்கு இடம் தருகிறது. ஆனால் அப்படி வெளியிலிருந்து வருபவருக்கு அவையில் வாக்கு கிடையாது. உங்கள் சபாநாயகர் 36-க்கு வெளியே இருப்பவர், ஆகவே சம வாக்கு விழுந்தால் தன் வாக்கைப் போட்டு முடிச்சை அவிழ்க்க முடியாது. தீர்மானம் தோற்றதாகவே கொள்ளுங்கள், இதைக் காலையிலேயே அறிவித்துவிடுங்கள்.

கேள்வி: 'தோட்டத் தொழிலாளர்களுக்கு வீட்டு நிலம் வழங்கும் மசோதா' என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறோம். போதுமா?

தலைப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் அவையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே விழுந்துவிடும். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. விவரம் தெரிந்த எதிர்க்கட்சிப் பிள்ளை ஒன்று எழுந்து, 'இந்த அவைக்கு இதில் அதிகாரம் உண்டா?' என்று கேட்டால் உங்கள் அமைச்சர் என்ன சொல்வார்? நில விஷயத்தில் மாநிலங்களுக்கிடையே ஒரே மாதிரிச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 76-ஆவது விதியில் வழி இருக்கிறது. ஆனால் அது பல்கலைக்கழகச் சட்டத்துறை விவாதத்துக்கு ஏற்ற தலைவலி, படிவம் 4-க்கு அல்ல.

உங்களுக்கு இரண்டு வழி. நிலத்தைப் பற்றித்தான் பேச வேண்டுமென்றால் அவையைச் சட்டமன்றமாக மாற்றிவிடுங்கள். 36 நாற்காலி அப்படியே பொருந்தும். பிரதமர், மாநில முதல்வரான மந்திரி பெசார் ஆவார், அமைச்சர்கள் ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஆவார்கள், சட்டத்துக்குப் பெயர் எனாக்மென். மாநிலச் சட்டம் கூட்டரசுச் சட்டத்தோடு மோதினால் கூட்டரசுச் சட்டமே நிற்கும் (75-ஆவது விதி), அதைமட்டும் பயிற்சியில் சொல்லிவையுங்கள்.

நாடாளுமன்றமாகவே நடத்த ஆசையென்றால், நிலத்தை விட்டுவிட்டுத் தொழிலாளர் பக்கம் வாருங்கள். தொழிலாளர் விவகாரம் கூட்டரசுப் பட்டியலில் உள்ளது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990 (சட்டம் 446) கையிலேயே இருக்கிறது. தோட்டத்தையும் சுரங்கத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. அதற்கு ஒரு திருத்த மசோதா எழுதுங்கள்: வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் தோட்ட வீட்டில் எத்தனை மாதம் இருக்கலாம், அந்தக் காலத்தில் தண்ணீரும் மின்சாரமும் யார் பொறுப்பு, வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு. வேலை முடிந்தால் வீடும் போய்விடும் என்பது லயத்தில், அதாவது தோட்ட வரிசை வீட்டில், வளர்ந்த பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டிய விஷயமில்லை.

மசோதா எட்டுப் பிரிவுக்கு மேல் போகக்கூடாது, ஏ4 தாளில் இரண்டு பக்கம். பத்து நாள் முன்பே எல்லார் கைக்கும் போய்ச் சேர வேண்டும். இன்னொரு கண்ணி அரசியலமைப்பின் 67-ஆவது விதி: வரி விதிக்கும், அரசாங்கப் பணத்தைச் செலவழிக்கும் மசோதாவையோ திருத்தத்தையோ அமைச்சர்தான் கொண்டுவரலாம். எதிர்க்கட்சிப் பிள்ளை 'வாடகையை அரசாங்கமே கட்டட்டும்' என்று திருத்தம் கொடுத்தால் சபாநாயகர் தள்ளுபடி செய்ய வேண்டும். 'தோட்ட நிர்வாகம் கட்டட்டும்' என்று மாற்றி எழுதினால் ஏற்கலாம். இந்த ஒரு வேறுபாட்டைச் செய்து காட்டினால் அரை நாள் வகுப்பு மிச்சம்.

கேள்வி: ஒரு நாள் நிகழ்ச்சிக்கு நேர அட்டவணை எப்படிப் போடுவது? போன முறை ஒரு பள்ளியில் நடந்ததைப் பார்த்தோம். பேச்சுப் போட்டி போலவே இருந்தது.

மனப்பாடம் செய்த பேச்சுகளை வரிசையாக ஒப்பித்தால் அது பேச்சுப் போட்டிதான், சபாநாயகர் அங்கி போட்டிருந்தாலும். பேச்சுக்கு நேரத்தைக் குறைத்து, மசோதாவைப் பிரிவு பிரிவாகப் பார்க்கும் செயற்குழு நிலைக்குப் பிற்பகலை முழுதாக விடுங்கள்.

காலை 9 மணிக்குச் சபாநாயகர் தேர்தல், பிறகு உறுதிமொழி, 20 நிமிடம். அடுத்து கேள்வி நேரம் 40 நிமிடம், எட்டுக் கேள்விகள். ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் வரும்: கேள்வி அரை நிமிடம், பதில் 2, துணைக் கேள்வி அரை, அதற்குப் பதில் 1, எழுந்து உட்காரும் நேரம் 1. கேள்விகளை மூன்று நாள் முன்பே அமைச்சர்களிடம் கொடுங்கள். துணைக் கேள்வியை மட்டும் மறைத்து வையுங்கள். 10 மணிக்கு முதல் வாசிப்பு, மசோதாவின் பெயரை வாசிப்பதோடு சரி. தேநீர். 10.30-க்கு இரண்டாம் வாசிப்பு: அமைச்சர் 10 நிமிடம், எதிர்க்கட்சித் தலைவர் 10, பதினான்கு உறுப்பினர்களுக்குத் தலா 5, அமைச்சரின் பெங்குலுங்கான் என்னும் தொகுப்புரை 15, குரல் வாக்கு 5. மொத்தம் 110 நிமிடம். 12.20-க்கு முடியும், பத்து நிமிடம் தாமதமானாலும் சோறு ஆறாது.

2 மணிக்குச் செயற்குழு நிலை. பிரிவுக்கு 12 நிமிடம், எட்டுப் பிரிவுக்கு 96. இங்கே சபாநாயகர் தலைவர் ஆகிறார், அவரை அழைப்பதும் 'துவான் பெங்கெருசி' என்றுதான். திருத்தங்கள் இரண்டு நாள் முன்பே எழுத்தில் வந்திருக்க வேண்டும், இந்த வடிவத்தில்: '3-ஆம் பிரிவு, இரண்டாவது வரியில் ஆறு மாதம் என்ற சொற்களை நீக்கி, பன்னிரண்டு மாதம் என்ற சொற்களைச் சேர்க்க.' எந்தப் பிரிவு, எந்த வரி, எதை நீக்கி எதைச் சேர்ப்பது என்ற நான்கும் இல்லாத தாளைத் திருப்பிக் கொடுங்கள். 'காலத்தை நீட்டிக்க வேண்டும்' என்பது திருத்தம் அல்ல, ஆசை.

எதிர்க்கட்சி பன்னிரண்டு என்கிறது, அமைச்சர் ஆறில் நிற்கிறார். சுயேச்சை ஒருவர் எழுந்து, 'வீட்டில் எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை இருந்தால் தேர்வு முடியும் வரை' என்று ஒரு வரி கொடுக்கிறார். ஆளுங்கட்சிப் பின்வரிசையிலேயே நாலு தலை ஆடும். மாதிரி நாடாளுமன்றம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மூன்றாம் வாசிப்பும், பெலா பஹாகியான் என்று சொல்லப்படும் ஆள் எண்ணும் வாக்கெடுப்பும் கடைசி 20 நிமிடம். மக்களவையில் 15 பேர் எழுந்து நின்றால்தான் எண்ணும் வாக்கெடுப்பு. உங்கள் அளவுக்கு மூன்று பேர் போதும். இரண்டு நிமிடம் மணி அடித்து, கதவைச் சாத்தி, இரு தரப்பிலும் ஒவ்வொருவர் வரிசை வரிசையாக எண்ணட்டும். நாலு மணிக்கு முடித்துவிடுங்கள், தோட்டத்தின் உள் டிவிஷன் பிள்ளைகளுக்கு வேன் காத்திருக்கும்.

கேள்வி: மண்டபம், மைக், செங்கோல் பற்றி?

நாற்காலிகளை லாட வடிவில் போடுங்கள். சபாநாயகருக்கு வலக்கைப் பக்கம் ஆளுங்கட்சி, இடக்கைப் பக்கம் எதிர்க்கட்சி, வளைவில் சுயேச்சைகள். மைக் மூன்று வேண்டும். ஒன்றே ஒன்றைக் கைமாற்றினால் ஒரு தடவைக்கு இருபது விநாடி போகும். அறுபது பேச்சுக்கு இருபது நிமிடம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு பிரிவு. தகரக் கூரை மண்டபமென்றால் மாலை மழையில் குரல் வாக்கு காதில் விழாது. அப்போது எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுங்கள்.

செங்கோல், அதாவது சொக்மார், இல்லாமல் அவை கூடியதாகக் கணக்கில்லை. ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய் நாலடி போதும். வெறும் குழாயைப் பிள்ளை தோளில் சாய்த்தால் குடைக்காம்பு மாதிரி ஆடும், நுனியில் ஒட்டிய பந்தும் கழன்று ஓடும். அடியில் மூன்றில் ஒரு பங்கு மணல் நிரப்பி இரண்டு முனையையும் மூடியால் அடைத்து, பசை காய ஓர் இரவு விட்டு, பிறகு தங்க நிறம் அடியுங்கள். செயற்குழு நிலையில் அதை மேசையின் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும். பெந்தாரா இதை மறப்பார், செயலாளர் மேசைதான் கண் காட்ட வேண்டும்.

கேள்வி: தமிழில் நடத்தலாமா, மலாயிலா?

மக்களவையின் மொழி மலாய், சபாநாயகர் அனுமதித்தால் ஆங்கிலம். உங்கள் அவைக்கு நீங்களே விதி எழுதுகிறீர்கள், தமிழில் நடத்துங்கள். ஆனால் அழைப்புச் சொற்களை மலாயிலேயே விடுங்கள்: சபாநாயகருக்குத் துவான் யாங் டிபெர்துவா, உறுப்பினருக்கு யாங் பெர்ஹோர்மாட், குறுக்கே பேச வழி கேட்க மிந்தா லாலுவான். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் மாணவர் நாடாளுமன்றத்துக்குப் போகும் பிள்ளை அந்தச் சொல்லுக்குத் திகைக்காது.

கேள்வி: நாலு பேர் மட்டும் பேசி, மற்றவர்கள் வாய் மூடி இருந்தால்?

நேரம் பார்ப்பவர் ஒரு தாளில் 36 பெயரையும் எழுதி, பேசும்போதெல்லாம் ஒரு கோடு போடட்டும். தேநீருக்குப் பிறகு கோடு இல்லாதவரைச் சபாநாயகர் முதலில் அழைக்கட்டும். குறுக்கே எழுவதில் இரண்டு வகை இருப்பதையும் சொல்லிக் கொடுங்கள். மிந்தா லாலுவான் என்று வழி கேட்டால், பேசிக்கொண்டிருப்பவர் விருப்பப்பட்டால்தான் விடுவார். விட்டால் அந்த நேரம் அவருடைய ஐந்து நிமிடத்திலிருந்தே போகும். கூட்ட விதி மீறல் என்று எழுந்தால் பேச்சு நிற்க வேண்டும், ஆனால் எழுந்தவர் விதி எண்ணைச் சொல்ல வேண்டும். எண் இல்லாமல் எழுந்தால் உட்கார வையுங்கள். மக்களவைக் கூட்ட விதிகளில் 36(4) அநாகரிகமான, பாலினத்தைப் பழிக்கும் சொல், 36(6) தீய நோக்கம் கற்பித்தல், 36(12) அவையைத் தவறாக வழிநடத்துதல். இந்த மூன்றையும் அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு நாற்காலியிலும் வைத்தால் போதும்.

கேள்வி: எங்கள் குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா? யாரிடம் அனுமதி?

நிரந்தர அமைப்பாக நடத்தினால் 1966 சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு, குறைந்தது ஏழு பேர் வேண்டும். நீங்கள் ஆறு பேர்! ஒரு நாள் நிகழ்ச்சிதான் என்றால் ஏற்கெனவே பதிவான இளைஞர் மன்றத்தையோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையோ ஏற்பாட்டாளராக வையுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரையும் சின்னத்தையும் பதாகையில் போடுவதாக இருந்தால் மாணவர் விவகாரப் பிரிவின் அனுமதி எழுத்தில் வேண்டும். போடாவிட்டால் தலைவலி குறைவு. பெற்றோர் ஒப்புதல் படிவம் இல்லாத பிள்ளையை வேனில் ஏற்றாதீர்கள். உண்மையான கட்சிப் பெயர், கொடி, வண்ணம் எதுவும் வேண்டாம். தோட்ட மண்டபம் கிடைக்காமல் போவதற்கு அதுவே காரணமாகலாம்.

கேள்வி: சிறந்த பேச்சாளருக்குக் கோப்பை?

வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அவை ஏற்றுக்கொண்ட திருத்தத்தை எழுதியவருக்குக் கொடுங்கள்.