ஆம்ப் சிமுலேஷன் பிளக்கினில் கிடார் ஒலி ஏன் தேனீக்கூட்டம் போல் இரைகிறது?

கேள்வி: எலக்ட்ரிக் கிடாரை ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் இணைத்து வீட்டிலேயே பதிவு செய்கிறேன். எந்த ஆம்ப் பிளக்கினைப் (கிடார் ஆம்ப்பின் ஒலியைக் கணினியிலேயே உருவாக்கும் மென்பொருள்) போட்டாலும் டிஸ்டார்ஷன் தேனீக்கூட்டம் இரைவது போல் கேட்கிறது. விரலுக்கும் ஒலிக்கும் இடையே ஒட்டுதலே இல்லை. விலை கூடிய பிளக்கின் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுமே பெரும்பாலும் ஆம்ப் மாதிரிக்குள் பிறப்பவை அல்ல. ஒன்று ஆம்ப்புக்குப் பின்னால் வரும் ஸ்பீக்கரில் இருக்கிறது, மற்றொன்று கிடார் கணினிக்குள் நுழையும் வழியில் இருக்கிறது. அந்த இரண்டு இடங்களையும் சரிசெய்யாமல் பிளக்கினை மட்டும் மாற்றினால், வேறொரு பெயரில் அதே இரைச்சல்தான் வரும்.

முதலில் இரைச்சல். கிடார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரைப் போன்றதல்ல. ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி செங்குத்தாகச் சரிந்துவிடும். ஆம்ப்பின் டிஸ்டார்ஷன் அதற்கு மேலும் ஏராளமான மேற்சுரங்களை உண்டாக்குகிறது; அவற்றை நம் காதுக்கு எட்டாமல் அடக்குவது அந்த ஸ்பீக்கரே. பிளக்கினில் அந்த ஸ்பீக்கர் பெட்டியின் வேலையைச் செய்யும் கேபினெட் பகுதி அணைந்திருந்தால் அவை அத்தனையும் வடிகட்டப்படாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். எனவே முதல் வேலை, கேபினெட் இயங்குகிறதா என்று பார்ப்பது. சில பிளக்கின்கள் ஆம்ப்பின் தலைப்பகுதியை மட்டுமே தருகின்றன. அவற்றுக்குப் பின்னால் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பை ஏற்றும் வேறொரு பிளக்கினை நாமே போட வேண்டும். மாறாக, இரண்டு கேபினெட்டுகள் அடுத்தடுத்து இயங்கினால் ஒலி மூடிய அறைக்குள்ளிருந்து வருவது போல் மங்கிவிடும். அதையும் பார்த்துவிடுங்கள்.

இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கர், ஒரு குறிப்பிட்ட மைக், அந்த மைக் நின்ற இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதன் பதிவு. ஒரே ஸ்பீக்கர், ஒரே ஷூர் எஸ்எம்57 மைக் என்றாலும், மைக் கூம்பின் நடுவை நோக்கி இருந்தால் ஒலி கூர்மையாகவும் விளிம்பை நோக்கி நகர நகர மென்மையாகவும் மாறும். ஆம்ப்பை மாற்றுவதைவிடக் கேபினெட்டை மாற்றுவதுதான் ஒலியை அதிகம் மாற்றுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆம்ப்பின் திருகுகள் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு ஒரு மாலைப்பொழுது முழுக்கக் கேபினெட்டுகளை மட்டும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றின் ஒலியளவையும் சமமாக வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். சத்தம் கூடியது எதுவோ அதையே காது நல்லது என்று நம்பிவிடும்.

கேபினெட் சரியாக இருந்தும், உயர்ந்த சுரங்களை வளைத்து வாசிக்கும்போது சுருதிக்குச் சம்பந்தமில்லாத ஒரு கீச்சொலி எதிர்த்திசையில் நகர்வது போல் கேட்டால் அது வேறு சிக்கல். 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் வீதத்தில் (ஒரு நொடிக்கு ஒலியை அத்தனை முறை அளக்கும்போது) 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் குறிக்க முடியாது. டிஸ்டார்ஷன் அந்த எல்லையைத் தாண்டி உண்டாக்கும் மேற்சுரங்கள் மடங்கிக் கீழே விழுகின்றன. பிளக்கினுக்குள் மட்டும் அந்த வீதத்தை உயர்த்தும் ஓவர்சாம்பிளிங் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். கணினிக்குச் சுமை கூடும், அவ்வளவுதான்.

அடுத்து, கிடார் நுழையும் இடம். உங்கள் ஒட்டுதல் குறையில் பாதி இங்கே இருக்கக்கூடும். இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் அல்லது ஹை-இசட் என்று குறித்த உள்ளீடு ஒன்று இருக்கும். அதன் மின்தடை சுமார் 10 லட்சம் ஓம். லைன் உள்ளீட்டில் அது பல இடங்களில் 10 ஆயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். பேட்டரி இல்லாத சாதாரணப் பிக்கப்பை அதில் செருகினால் சிக்னல் தளர்ந்து, மேல்ஒலிகள் மழுங்கிவிடும். தந்தியைத் தட்டும் அந்த முதல் கணத்தின் உயிர்ப்பு அங்கேயே போய்விட்டால், எந்தப் பிளக்கினாலும் அதை மீட்டுத் தர முடியாது.

அதே இடத்தில்தான் உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் கெயின் திருகும் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு முடிந்தவரை உயர்த்திப் பதிவு செய் என்ற பழைய அறிவுரை நாடாவும் 16 பிட்டும் இருந்த காலத்தது. 24 பிட்டில் அதற்குத் தேவையே இல்லை. ஆம்ப் மாதிரிக்கு உள்ளே வரும் சிக்னலின் அளவுதான் அது எவ்வளவு சிதைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீங்கள் உயர்த்தினால் மென்மையான ஆம்ப்கூடக் கரகரக்கும். பல பிளக்கின்கள், இன்டர்ஃபேஸின் கெயின் மிகக் குறைவில் இருக்கும் என்று கருதியே அளவிடப்பட்டவை. கையேட்டில் அந்த அளவைத் தேடுங்கள். உச்ச அளவு 12 டிபியூ (மின்சிக்னலின் அளவைக் குறிக்கும் அலகு) என்று பிளக்கின் எதிர்பார்த்து, உங்கள் இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீடு கெயின் குறைந்த நிலையில் 9 டிபியூவில் உச்சத்தைத் தொடுகிறது என்றால், சிக்னல் 3 டெசிபெல் கூடுதலாகப் போகிறது என்று பொருள். பிளக்கினின் உள்ளீட்டுத் திருகில் 3 டெசிபெல் குறைத்துவிட்டால் போதும். அளவு எங்கும் கிடைக்கவில்லையா? கடுமையாக வாசிக்கும்போது மீட்டர் உச்சத்துக்கு 12 டெசிபெல் கீழே நிற்கும்படி வைத்துத் தொடங்குங்கள்.

ஒட்டுதல் குறையின் மீதிப் பாதி, தாமதம். பஃபர் (கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் அளவு) 512 சாம்பிள், வீதம் 48,000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு வழிக்கே 10.7 மில்லிநொடி. உள்ளே வந்து வெளியே போவதற்குள் 20ஐத் தாண்டிவிடும். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடிக்கு 34 சென்டிமீட்டர் போகிறது. ஆக, ஏழு மீட்டர் தள்ளி நிற்கும் ஆம்ப்பை வாசிப்பதற்குச் சமம் இது. பதிவின்போது பஃபரை 128 அல்லது 64க்குக் குறையுங்கள், மிக்ஸிங்கின்போது மீண்டும் உயர்த்திக்கொள்ளலாம். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரே தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைப் பயன்படுத்துங்கள். மாஸ்டர் தடத்தில் லுக்-அஹெட் லிமிட்டர், லீனியர்-ஃபேஸ் ஈக்யூ போன்றவை இருந்தால் பதிவு முடியும்வரை அணைத்து வையுங்கள், அவையும் தாமதம் சேர்ப்பவை. இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டர் பொத்தானையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளக்கின் படாத மெலிந்த கிடார் ஒலியும் சேர்ந்து கேட்டு எல்லாவற்றையும் கெடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும், அறையில் நிற்கும் ஆம்ப் போல் இல்லையே என்று தோன்றலாம். தோன்றத்தான் செய்யும். பிளக்கின் தருவது ஸ்பீக்கர் முன் வைத்த மைக் கேட்ட ஒலி. பாடல் பதிவுகளில் நாம் கேட்டு வளர்ந்ததும் அந்த ஒலிதான். தனியாக வாசிக்கும்போது சற்று மெலிவாகத் தெரிந்தாலும் டிரம்ஸும் பாஸும் சேர்ந்ததும் சரியாகப் பொருந்தும். இரவில் ஹெட்போனில் மெதுவாகக் கேட்டு அமைப்பைத் தீர்மானிக்காதீர்கள். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ஒலியும் மேல்ஒலியும் குறைவாகவே எட்டும். அதனால் இரண்டையும் கூட்டி வைப்போம், மறுநாள் சத்தமாகக் கேட்டால் காதைக் கிழிக்கும்.

டிஸ்டார்ஷன் கிடாருக்குப் பருமன் வேண்டுமென்றால் கெயினைக் கூட்டாமல், அதே பகுதியை இரண்டு முறை வாசித்து ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் வையுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம் மட்டும் கூடும். தாழ்ந்த இ தந்தியின் சுருதியே 82 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்குக் கீழே இருப்பதை வெட்டிவிடலாம், அந்த இடம் பாஸுக்கும் டிரம்ஸுக்கும் உரியது.

பிளக்கினைத் தடத்தின் மேல் இன்செர்ட்டாகப் போட்டால் பதிவாவது சுத்தமான கிடார் ஒலி மட்டுமே. வாசித்தது நன்றாக அமைந்திருந்தால் ஆம்ப்பைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இந்தச் சுதந்திரத்தை நான் மிகவும் மதிக்கிறேன், ஆனாலும் ஒரு கட்டத்தில் முடிவெடுத்து ஆடியோவாக மாற்றிவிடுவதே நல்லது. ஆம்ப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்து பாடலை முடிக்காதவர்கள் ஏராளம்.

இனி வாங்குவது பற்றி. நியூரல் ஆம்ப் மாடலர் திறந்த மூல மென்பொருள், இலவசம். உண்மையான ஆம்ப்புகளிலிருந்து பயனர்களே பிடித்த மாதிரிகள் அதற்கு ஏராளமாகக் கிடைக்கின்றன. மேலே சொன்னவற்றைச் சரிசெய்துவிட்டு, அதில் ஒரு மாதிரியையும் நல்ல கேபினெட் கோப்பு ஒன்றையும் போட்டு வாசியுங்கள். அதன் பிறகும் விலைக்கு வாங்கத் தோன்றினால், சோதனைப் பதிப்பைத் தரவிறக்கி, நீங்களே பதிவு செய்த சுத்தமான கிடார்த் தடத்தை அதன் வழியாக ஓட்டி, பாஸும் டிரம்ஸும் கூடவே ஒலிக்க, சம ஒலியளவில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வித்தியாசம் தெளிவாகக் கேட்டால் வாங்குங்கள்.