சேனைத் தண்ணியா, சீம்பாலா?

கேள்வி: எனக்கு இது 8வது மாசம், முதல் குழந்தை. தர்மபுரி பக்கம் கிராமம். புள்ள பொறந்ததும் மாமனார் கையால சேனை வைக்கணும், பால் 3 நாள் கழிச்சுதான் ஊறும், முதல்ல வர்ற மஞ்சப் பாலைக் கறந்து கொட்டிடணும்னு அத்தை சொல்றாங்க. நர்ஸ் அக்கா அதெல்லாம் கூடாதுங்கறாங்க. வீட்ல சண்டையும் வேண்டாம், என்ன பண்றது?
- ஒரு வாசகி

பதில்: கண்ணு, நான் நர்ஸ் அக்கா கட்சிதான். ஆனா அத்தை மேல கோவப்படாத, அவங்க மாமியார் அவங்களுக்கு செஞ்சத அவங்க உனக்கு செய்யப் பாக்கறாங்க, அவ்ளோதான்.

அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. மாடு கன்னு போட்டா சீம்பாலை வெல்லம் ஏலக்காய் போட்டு அவிச்சு பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுக்கறோம், கன்னுக்குட்டி தள்ளாடி எழுந்திரிச்சதுமே மடியில வாய வச்சு விடறோம், "சீம்பால் குடிக்காத கன்னு தேறாது"ன்னு நம்மளே சொல்றோம், அப்பறம் நம்ம வீட்டுப் புள்ளைக்கு வர்ற சீம்பாலை மட்டும் எதுக்கு கொட்டணும்? அந்த மஞ்சப் பால்லதான் நோய் எதிர்ப்பு சக்தியே இருக்கு. புள்ள முதல்ல கருப்பா தார் மாதிரி போகுமே, அது வெளிய வர்றதுக்கும் அதுதான் உதவும். கொஞ்சமாதான் வருதேன்னு பயப்படவும் வேண்டாம், முதல் நாள் புள்ளைக்கு ஒரு வேளைக்கு டீஸ்பூன் அளவு போதும். சுகப்பிரசவமோ சிசேரியனோ 1 மணி நேரத்துக்குள்ள மார்ல போடச் சொல்லு, புள்ள சப்பச் சப்பத்தான் பால் ஊறும், 3 நாள் சும்மா இருந்தா எங்கருந்து ஊறும்?

சேனைக்கு வர்றேன். வார்டுல எத்தனையோ தடவ பாத்துட்டேன், தலைமாட்டுல ஒரு சில்வர் கிண்ணம், அதுல சர்க்கரைத் தண்ணி, காலைல நனைச்ச துணித்திரி சாயங்காலமும் அதுலயே ஊறிட்டு கெடக்கும், ஓரத்துல ஈ. அதத்தான் பொறந்து ஒரு நாள்கூட ஆகாத நாக்குல வைக்கறோம். அது வயித்துல போனா புள்ள பாலுக்கு வாய் தொறக்காது, கூடவே கிருமியும் போகும். தேன் இன்னும் மோசம், 1 வயசு முடியற வரைக்கும் வேண்டவே வேண்டாம், அதுல இருக்கற ஒரு வகை கிருமி பச்சப்புள்ளையோட நரம்பையே தளர வச்சிடும்.

ஆனா மாமனார் ஆசைன்னு ஒண்ணு இருக்குல்ல. நல்ல மனுஷன் குணம் புள்ளைக்கு வரட்டும்னுதானே சேனை? கைய சோப்பு போட்டு கழுவிட்டு, பால் குடிச்ச புள்ளைய முதல்ல அவர் கைல குடுங்க, காதுல பேர் சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் இதுக்கே அழுதுட்டார்!

அடுத்த செக்கப்புக்கு அத்தையையும் கூட்டிட்டுப் போ. நர்ஸ் அக்கா நேர்ல சொல்றதும் நீ வந்து சொல்றதும் ஒண்ணில்ல, நீ சொன்னா எதிர்த்துப் பேசற மாதிரி ஆயிடும். தொப்புள்ல வசம்புச் சாம்பல், எண்ணெய் எதுவும் வைக்காம காய விடறதையும் அப்பவே கேட்டுக்கச் சொல்லு. புள்ள பால் குடிக்காம துவண்டு கெடந்தாலோ, உடம்பு சில்லுன்னோ சூடாவோ இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உனக்கு ரத்தப்போக்கு அதிகமானாலோ கைவைத்தியம் பாக்காம 108க்கு போன் போட்டுடுங்க.

அப்பறம் அத்தைக்கு ஒரு வேலை குடு. 5ம் நாள்லருந்து புள்ள ஒரு நாளைக்கு 6 தடவையாச்சும் ஒண்ணுக்குப் போகணும், அப்படிப் போனா பால் பத்துதுன்னு அர்த்தம். ஈரத்துணிய எண்ற பொறுப்ப அவங்ககிட்டயே விட்டுடு, உன்னைவிட கரெக்டா எண்ணுவாங்க.