கறுப்பு எழுத்தில் வெள்ளைக் கோடு

கேள்வி: மூன்று மாதம் சும்மா கிடந்த இங்க்ஜெட் பிரிண்டரில் எழுத்துகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது. ஐந்து தடவை ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்வது) கொடுத்தும் சரிவரவில்லை. – வாசகி, ஹட்டன்

பதில்: இனிக் கொடுக்காதீர்கள், தங்கச்சி. ஒவ்வொரு தடவையும் நல்ல மைதான் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. ஓர் இரவு அப்படியே விடுங்கள், காய்ந்த மை ஊறி இளகும். காலையில் நொசில் செக் எடுங்கள்; மை வரும் நுண்துளைகளான நொசில்கள் அடைத்திருக்கின்றனவா என்று காட்ட பிரிண்டர் அச்சிடும் சோதனைக் கோடுகள் அவை. என் பிரிண்டரில் ஏழு இடத்தில் அறுந்திருந்த கோடு, மறுநாள் இரண்டு இடத்தில்தான் அறுந்திருந்தது. அப்புறம் ஒரே ஒரு கிளீனிங்.

கார்ட்ரிஜ்ஜிலேயே ஹெட் இருக்கும் வகையென்றால், காய்ச்சி வடித்த நீரை வெதுவெதுப்பாக்கி, நூல் உதிராத துணியை நனைத்து, நொசில் பக்கத்தை மெதுவாக ஒற்றுங்கள். மை துணியில் பட்டையாக இறங்கும். செப்புத் தொடுப்புகளில் ஈரம் படக்கூடாது. பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படியும். சுவர் சுவிட்சில் அணைக்காமல் பிரிண்டர் பொத்தானில் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் மூடியில் போய் உட்காரும்.