‘தூக்கிருவேன்’ – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் நீதிமன்ற அனுபவக் கட்டுரைகளை விடாமல் வாசித்து வருகிறேன். டிப்ளோமா முடித்த கையோடு சிங்கப்பூர் போலிசில் சேர்ந்தேன், பத்து வருடம் ஆகிறது. முதலில் ரோந்து, இப்போது அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் விசாரணை வேலை. குற்றவியலும் குற்றவியல் நீதியும் சேர்ந்த பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிறேன். கூட இருப்பவர்கள், “ரோட்டுல கத்துக்காததையா கிளாஸ்ல கத்துக்கப் போற?” என்று சிரிக்கிறார்கள். மாமனார், “படிக்கிறதுதான் படிக்கிறீங்க மாப்பிள்ளை, பிசினஸ் படிங்க, நாளைக்கு வேலைய விட்டாலும் உதவும்” என்கிறார். வீட்டில் இரண்டாவது குழந்தை வரப்போகிறது. இத்தனை வருட இரவுகளைக் கொடுக்கும் அளவுக்கு அந்தப் படிப்பில் எங்களுக்கு என்ன இருக்கிறது? எங்களைச் சாட்சிக் கூண்டில் பார்த்தவர் நீங்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ர.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள ர.,

நான் உங்கள் சீருடையைப் போட்டவன் இல்லை. தேசிய சேவையைக்கூடத் தீயணைப்பில்தான் செய்தேன். ஆனால் 27 வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றதில், குறுக்கு விசாரணையில் உங்கள் ஆட்களுக்கு வியர்ப்பதைக் கை எட்டும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கட்டுமானத் தளத்தில் ஒரு தகராறு. சூப்பர்வைசரும் தமிழர், தொழிலாளியும் தமிழர். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் திட்டி, நெஞ்சில் கை வைத்துத் தள்ளியிருக்கிறார். தள்ளியதை அவரே ஒப்புக்கொண்டார். சிக்கல் ஒரு சொல்லில் வந்தது. தொழிலாளியின் வாக்குமூலத்தில், ‘என்னைக் கொன்றுவிடுவதாக மிரட்டினார்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. பதிவு செய்த அதிகாரிக்கு ஓரளவு தமிழ் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, “அவர் சொன்ன தமிழ்ச் சொல் என்ன?” என்று கேட்டார். அதிகாரி குறிப்பேட்டைப் புரட்டினார். அதிலும் ஆங்கிலம்தான். கடைசியில் தொழிலாளியையே கேட்டார்கள்.

“உன்னைத் தூக்கிருவேன்னாரு.”

நீதிபதி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? மூட்டையைத் தூக்குவதும் தூக்குவதுதான். ஆளைத் தூக்குவது என்றால் கடத்துவது. ரவுடி வாயில் வந்தால் கொல்வது. சூப்பர்வைசர் வாயில் வந்தால் வேலையை விட்டு எடுப்பது, வொர்க் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவது. நாலையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எது என்று தீர்மானிப்பது என் வேலை இல்லை. அப்புறம் தொழிலாளியிடம் எதற்குப் பயந்தாய் என்று கேட்டபோது, வேலை போய்விடும் என்று பயந்ததாகச் சொன்னார். ஏஜெண்டுக்காக வாங்கிய கடன் பாதிகூட அடையவில்லையாம். கொலை மிரட்டல் குற்றச்சாட்டு நிற்கவில்லை.

அந்த அதிகாரி பொய் எழுதினார் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. திட்டு, தள்ளு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், அந்தச் சொல் வந்து சேரும் முன்பே அதற்கு ஒரு அர்த்தத்தைத் தயாராக வைத்திருந்தார். அவ்வளவுதான்.

சில வருடம் கழித்து ஓர் இரவு, மணி பத்தே முக்கால் இருக்கும், எம்ஆர்டி ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். கிளமெண்டியில் ஏறிய ஒருவர் என்னைப் பார்த்ததும், “சார்! தூக்கிருவேன்!” என்றார். எதிர் இருக்கையில் இருந்த தமிழ் அம்மா ஒருவர் பதறிப்போய்ப் பையை இறுக்கிக்கொண்டார். வாக்குமூலம் எழுதிய அந்த அதிகாரியேதான். மாலை வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகிறாராம். அன்று பாடத்தில், ஞாபகத்தை ஆராய்ந்த உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் வந்திருக்கிறார்.

உங்களுக்கும் அந்தப் பாடம் வரும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974இல் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். கார்கள் ‘மோதிக்கொண்டபோது’ என்ன வேகம் என்று சிலரிடம் கேட்டார்கள். ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று வேறு சிலரிடம் கேட்டார்கள். பார்த்த படம் ஒன்றுதான், ஆனால் ‘நொறுங்கிய’ கேள்விக்காரர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ‘நொறுங்கிய’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். ‘மோதிய’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி எதுவும் உடையவே இல்லை.

“சார், அன்னைக்கு அவன்கிட்ட நான் என்ன கேட்டேன் தெரியுமா?” என்றார். “‘கொன்னுடுவேன்னு மிரட்டினாரா?’ன்னு கேட்டேன். அவன் தலையாட்டினான். நான் எழுதிட்டேன்.” இது வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஞாபகம் வந்ததாம். நிஜமாகவே ஞாபகம் வந்ததா, இல்லை வகுப்பு வரவழைத்ததா என்று இப்போது அதிலும் சந்தேகம் வந்துவிட்டது என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு மிகவும் பிடித்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். தமிழோ மலாயோ ஹொக்கியனோ, வழக்கைப் புரட்டக்கூடிய சொல் வந்தால் முதலில் அந்தச் சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் மேற்கோள் குறிக்குள் எழுதுவார். அர்த்தம் அதற்குப் பக்கத்தில்தான்.

இதற்குப் பட்டம் வேண்டுமா? வேண்டியதில்லைதான். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது என்று போலிஸ் பயிற்சி தரும் ஹோம் டீம் அகாடமியில் சொல்லாமலா விட்டிருப்பார்கள்? வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், ஆங்கிலம் தெரியாதவருக்கு அவர் மொழியில் சொல்ல வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவே சொல்கிறது. அவரும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருப்பார். ஆனால் கையில் இருபது வழக்கும் வாசலில் நாலு பேரும் காத்திருக்கும் நாளில், எதற்கு என்று தெரியாத விதிதான் முதலில் கழன்று விழுகிறது. லாஃப்டஸ் அவருக்கு அந்த ‘எதற்கு’வைக் கொடுத்தார். நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான், ர. பயிற்சியில் வேலையைக் கற்றுத் தருகிறார்கள். படிப்பில், வேலை செய்கிற உங்கள் கண்ணும் காதும் எங்கெங்கே ஏமாறும் என்பதைக் காட்டுகிறார்கள். (மலாயில் போலிசுக்கு மாத்தா-மாத்தா என்று பெயர். மாத்தா என்றால் கண். என் அம்மா ‘மாத்தா வந்துட்டான்’ என்று சொல்லித்தான் எங்களைச் சாப்பிட வைப்பார்.)

2020 செப்டம்பரில் வந்த தீர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கும். முதலாளி வீட்டில் திருடியதாகத் தண்டிக்கப்பட்ட இந்தோனேசியப் பணிப்பெண்ணை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நீதிபதி சான் செங் ஓன் சுட்டிக்காட்டியவற்றை வரிசையாகப் பாருங்கள். புகார் கொடுத்து ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துத்தான் போலிஸ் அந்த வீட்டுக்குப் போனது. அதுவரை சான்றுப் பொருள்கள் புகார் கொடுத்தவர்கள் கையிலேயே இருந்தன. அந்தப் பெண் பேசியது பஹாசா இந்தோனேசியா, வாக்குமூலம் எடுத்தபோது அந்த மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. மலாய் போதும் என்று நினைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரரிடமும் மதுரைக்காரரிடமும் மாறி மாறி மொழிபெயர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பக்கத்து மொழிதான் அதிகம் ஏமாற்றும். தெரியாத மொழி என்றால் ஆளைக் கூப்பிடுவோம். பாதி தெரிந்தால் கூப்பிட மாட்டோம்.

ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் அமைச்சர் கா. சண்முகம் நாடாளுமன்றத்தில் பேசியபோது, விசாரணை அதிகாரி வேறு வழக்குகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தார் என்பதும் வெளியே வந்தது. அதற்குப் படிப்பு மருந்தில்லை. வேலையைக் குறைத்தால்தான் உண்டு. படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, உங்கள் நண்பர்களின் கேலிக்கு வருவோம். ரோட்டில் கற்றுக்கொள்ள முடியாதது என்ன? அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி போலிஸ் 1972இல் ஒரு காரியம் செய்தது. 15 ரோந்து வட்டாரங்களை மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒன்றில் வழக்கமான ரோந்தை நிறுத்தி, கூப்பிட்டால் மட்டும் போனார்கள். ஒன்றில் ரோந்தை இரண்டு மூன்று மடங்கு ஆக்கினார்கள். ஒன்றை அப்படியே விட்டார்கள். ஒரு வருடம் பார்த்தார்கள். குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பத்து வருடம் காரில் சுற்றியவர் யாரும் அந்தக் காருக்குள் உட்கார்ந்தபடி இதைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் பார்ப்பது அவர் போன தெருவை மட்டும்தான், போகாத தெருவில் என்ன ஆனது என்று யாராவது எண்ணிப் பார்த்தால்தானே தெரியும்? அப்புறம் மினியாபொலிஸ் நகரத்தில் குற்றவியலாளர் லாரன்ஸ் ஷெர்மன் குழுவினர் எண்ணிப் பார்த்தார்கள். போலிசுக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரத்தின் நூற்றுக்கு மூன்று முகவரிகளிலிருந்து வந்தவை. 1989இல் வெளியான கணக்கு அது. உங்கள் வட்டாரத்திலும் எந்த புளோக், எந்தக் காப்பிக்கடை என்று உங்களுக்கே தெரியும். தெரிந்ததை மேலதிகாரி முன் எண்ணாக வைக்கத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

ஒப்புக்கொள்ள வேண்டியதும் உண்டு. புளோக்கின் கீழே திறந்தவெளித் தளமான வாய்ட் டெக்கில் குடித்துவிட்டு நிற்பவரிடம் எந்தக் குரலில் பேசுவது என்று எந்தப் பேராசிரியரும் சொல்லித் தர முடியாது. அது உங்கள் நண்பர்கள் பக்கம். 2010இல் ரிட்பர்க், டெரில் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், கல்லூரி படித்த போலிசார் பலப்பிரயோகம் குறைவாகச் செய்கிறார்கள் என்று கண்டார்கள். கைது செய்வதிலும் சோதனை போடுவதிலும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பொறுமையைப் படிப்பு கொடுத்ததா, பொறுமை இருந்தவர்கள் படிக்கப் போனார்களா என்று நான் கேட்பேன். போலிசாருக்குக் கல்லூரிப் படிப்பு என்பதைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் வோல்மர், பெர்க்லியின் போலிஸ் தலைவர், கல்லூரியில் படித்தவரே இல்லை. 1908இல் தன் ஆட்களுக்கு ஒரு பள்ளி வைத்து, 1916 வாக்கில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குள்ளேயே அதைக் கொண்டுபோனார்.

மாமனார் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். பட்டதாரிகளை நேரடியாக இன்ஸ்பெக்டராக எடுக்கிறார்கள், 2016இல் பதவி அடுக்குகளையும் ஒரே ஏணியாக்கினார்கள் என்பதெல்லாம் உண்மை. அதற்காகப் பட்டம் வாங்கிய மறுநாள் தோளில் ஒரு பட்டை ஏறிவிடாது. வேலையை விட்டு வெளியே வந்தால் பாதுகாப்புத் துறை, வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு என்று போகலாம். பிசினஸ் பட்டத்துக்கு அதைவிடக் கதவுகள் அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள். அவர் வயதுக்காரர் ஒருவர் மோசடியில் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொலைத்துவிட்டு உங்கள் கவுண்டருக்கு வருகிறார். 2024இல் மட்டும் இங்கே மோசடியில் போனது 110 கோடி வெள்ளிக்கு மேல், வரத்தான் செய்வார்கள். முதல் கேள்வியாக, “எப்படிங்க ஏமாந்தீங்க?” என்று கேட்டால் அவர் பாதியை மறைத்துவிடுவார். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு தனித் துறையே இருக்கிறது. அந்தப் பாடத்தைப் படித்தவர் அந்தக் கேள்வியை முதலில் கேட்க மாட்டார். மாமனார் எந்தக் கவுண்டருக்குப் போக விரும்புவார்?

சேர்வதாக இருந்தால் சான்றியல் சட்டம், ஞாபகம் பற்றிய உளவியல், புள்ளியியல், இந்த மூன்றையும் விடாதீர்கள். புள்ளியியலைப் பார்த்து எல்லோரும் ஓடுவார்கள், நீங்கள் ஓடாதீர்கள். தலைமைத்துவம் என்று பெயர் வைத்த பாடங்களை நான் பெரிதாக மதிப்பதில்லை, அது என் கோணல். கிளமெண்டியில் உள்ள சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுப் பாதுகாப்புக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள்தான் அங்கே பெரும்பாலும். (தமிழ் மொழி இலக்கியப் பட்டமும் அங்கேதான். மனம் மாறினால் சொல்லுங்கள்.) முழுப் படிப்பில் குதிக்கும் முன் ஒரே ஒரு பாடத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அதுவும் குழந்தை பிறந்து ஆறு மாதம் போகட்டும். ஷிஃப்ட் முடிந்து வகுப்புக்குப் போய், வகுப்பு முடிந்து வந்து பால் கலக்குவதை உங்கள் மனைவியிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். கடிதத்தில் ஓசி (உங்கள் பொறுப்பதிகாரி), நண்பர்கள், மாமனார் என்று எல்லோர் கருத்தும் இருக்கிறது என்று எழுத வந்தேன், பார்த்தால் ஓசியைக்கூட நீங்கள் சொல்லவில்லை. மனைவியையும் சொல்லவில்லை. இரண்டு பேரையும் கேளுங்கள்.

வகுப்பில் முதல் கட்டுரைக்குத் தலைப்பு கொடுத்ததும் எழுதுங்கள். மொழிபெயர்ப்பும் வாக்குமூலமும் பற்றி என்றால் என்னிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ‘தூக்கிருவேன்’ மாதிரி நாற்பது சொற்களாவது குறித்து வைத்திருப்பேன். ‘போட்டுருவேன்’ மட்டும் ஒரு பக்கம். காப்பிக்கடையில் வைத்துத் தருகிறேன், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.