எண்ணெய் எந்த வழியாகப் போனது என்பதே உங்கள் வழக்கு

கேள்வி: என்னிடம் 22 ஆண்டு பழைய நான்கு சக்கர இயக்க வாகனம் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே ஓட்டுகிறேன். கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் ஆயில் கசிந்ததால் ஒரு பணிமனையில் விட்டேன். பின்பக்க சீலை (ஷாஃப்டைச் சுற்றி ஆயில் வெளியேறாமல் அடைக்கும் வளையம்) மாற்றி, புது ஆயில் ஊற்றியதாக பில் கொடுத்தார்கள். 7 வாரத்தில் மறுபடியும் சொட்டத் தொடங்கியது. 2 வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் ஊளையிடும் சத்தத்தோடு வண்டி நின்றுவிட்டது. உள்ளே செயினும் பேரிங்கும் போயிருக்கும் என்கிறார்கள். ‘பழைய வண்டிகளுக்கு உத்தரவாதம் இல்லை என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறோம்’ என்று பணிமனை கைவிரிக்கிறது. வேறொரு மெக்கானிக் உடனே பிரித்துச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். நான் வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் அதற்கு முன், இன்றே, அந்த மெக்கானிக்கிடம் ‘பிரிக்க வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றிக் கழுவி, புது சீல் போட்டு மூடிவிட்டால், ஆயில் எந்த வழியாக வெளியேறியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நியாயம் முழுவதும் தங்கள் பக்கம் இருந்தும், பழுதை அவசரமாகச் சரிசெய்துவிட்டு ஆதாரமில்லாமல் நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது.

மறுபடியும் கசிந்தது என்பது மட்டும் போதாது. பணிமனை செய்த வேலையிலோ, செய்யாமல் விட்ட வேலையிலோ குறை இருந்தது, அந்தக் குறையால்தான் இழப்பு நேர்ந்தது என்ற இரண்டையும் நீங்கள் காட்ட வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(11) பிரிவு சொல்லும் ‘சேவைக் குறைபாடு’ இதுதான். அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது.

டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் வெளியேறப் பல வாசல்கள் உண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் போகும் ஷாஃப்ட்களின் சீல்கள், கியர்பாக்ஸோடு சேரும் இடம், கேஸின் இரு பாதிகள் இணையும் விளிம்பு, ஆயில் ஊற்றும் பிளக், வடிக்கும் பிளக், லீவர் இணைப்பு நுழையும் துளை என்று எங்கிருந்தும் கசியலாம். ஓடும் வண்டியின் அடியில் காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளுகிறது. முன்னால் கசிந்ததும் பின்னால்தான் ஈரமாகத் தெரியும். அதனால்தான் நல்ல மெக்கானிக் முதலில் அடிப்பகுதியைக் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டு, ஈரம் எந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னேயும் தொடங்குகிறது என்று பார்ப்பார். உங்கள் பணிமனை அப்படிப் பார்த்ததா, ஈரமாக இருந்த சீலை மாற்றிவிட்டு அனுப்பியதா என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

அதே சீல்தான் மறுபடி கசிந்தது என்று தெரியவந்தால், ஏன் என்பதில்தான் வழக்கின் பலம் இருக்கிறது. சீல் கோணலாக இறங்கியிருந்தாலோ, பொருத்தும்போது அதன் உதடு கிழிந்திருந்தாலோ வாதம் எளிது. சீல் உரசும் உலோகப் பரப்பில் பழைய சீல் பள்ளம் தேய்த்திருந்தால், புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து கசியும். பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் எந்த சீலும் நிலைக்காது. காற்று வெளியேறும் பிரீதர் அடைபட்டிருந்தால், ஆயில் சூடேறும்போது உள்ளழுத்தம் கூடி, நல்ல சீலைத் தாண்டியும் ஆயில் பிதுங்கும். இந்த மூன்றும் சீலை மாற்றும்போதே கண்ணாலும் கையாலும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதும் குறைபாடுதான். உங்கள் வழக்கில் நான் மிகவும் நம்புவது இந்த வாதத்தைத்தான்.

சில வண்டிகளில் கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் உள்ள சீல் போனால், வெளியே ஒரு சொட்டுகூட விழாமல் ஆயில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். ஆகவே இரண்டின் ஆயில் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கிறதா? வண்டியின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்கு கியர் ஆயில், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில். மாற்றி ஊற்றியிருந்தாலோ, குறைவாக ஊற்றியிருந்தாலோ அது தனிக் குற்றச்சாட்டாகவே நிற்கும்.

இனி வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அடிப்பகுதியைக் கழுவாமல் படமும் வீடியோவும் எடுங்கள். சார்பற்ற ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரை அமர்த்தி, இன்ன நாளில் இன்ன இடத்தில் அவர் முன்னிலையில் பிரிக்கப்போவதாகப் பணிமனைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அழைத்தும் வராதவர்கள், ‘எங்களுக்குத் தெரியாமல் பிரித்தார்கள்’ என்று பின்னால் சொன்னால் அது எடுபடாது. உள்ளே எஞ்சிய ஆயிலை அளந்து, மாதிரியை பாட்டிலில் முத்திரையிட்டு வையுங்கள். பழைய சீல், செயின், பேரிங் எதையும் தூக்கி எறிய விடாதீர்கள். நுகர்வோர் ஆணையம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(6) பிரிவின்படி பிரமாணப் பத்திரங்களையும் ஆவணங்களையும் வைத்தே புகாரை விசாரிக்கிறது. பொறியாளரின் அறிக்கையோடு அவருடைய பிரமாணப் பத்திரமும் இருப்பது நல்லது. படங்களுக்கு பாரதிய சாட்சிய சட்டம், 2023-இன் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். எடுத்த கைபேசியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பில்லில் அச்சிட்ட வரியைக் கண்டு அஞ்ச வேண்டாம். சீல் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்கள் சொல்லலாம். வேலையைக் கவனமாகச் செய்யும் கடமையை அந்த வரி துடைத்துவிடாது. வண்டியின் வயது தெரிந்துதானே வேலையை ஏற்றுக் கூலி வாங்கினார்கள்?

உங்கள் பக்கத்துப் பலவீனம் அந்த 2 வாரம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 73-ஆம் பிரிவின் விளக்கம், இழப்பைக் கணக்கிடும்போது அதைக் குறைக்கக் கையில் இருந்த வழிகளையும் பார்க்கச் சொல்கிறது. எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளும். சீல் வேலைக்கான கூலி கிடைத்தாலும், செயின், பேரிங் சேதத்துக்கான தொகை குறைக்கப்படலாம். இதை மறைக்காமல் புகாரிலேயே எழுதுங்கள். ஒன்றை மட்டும் நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்: அந்த நாட்களில் பணிமனையை அழைத்தீர்களா? ‘கொஞ்சம் சொட்டத்தான் செய்யும், ஓட்டுங்கள்’ என்று அவர்கள் சொல்லியிருந்தால், அந்த 2 வாரத்தின் பாரம் அவர்கள் தோளுக்கு மாறும். அழைப்புப் பதிவையும் குறுஞ்செய்திகளையும் தேடுங்கள்.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். கால வரம்பு 2 ஆண்டு. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். இருதரப்பும் இசைந்தால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பும். சொந்தப் பயன்பாட்டு வண்டி என்பது உங்களுக்குச் சாதகம். வணிக நோக்கில் ஓடும் வண்டியாக இருந்தால் ‘நுகர்வோர்’ என்ற தகுதியையே எதிர்த்தரப்பு கேள்வி கேட்டிருக்கும்.

பின்பக்க சீலும் ஷாஃப்டும் நன்றாக இருக்கின்றன, முன்பக்க சீல் புதிதாகக் கிழிந்து ஆயில் போயிருக்கிறது என்று பொறியாளர் சொன்னால், வழக்கை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். அது பணிமனையின் குறை அல்ல. பின்பக்கமே காரணம் என்று வந்தால், அறிக்கை கைக்கு வந்த வாரமே நோட்டீஸ் அனுப்புங்கள்.